குழந்தையின் சிறு சொல்லுக்குச் செவி கொடுப்போம்





என் மகள் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. காலையில் நிரப்பிக் கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டில் மாலையில் ஏறக்குறைய அப்படியே திரும்பி வரும். கேட்டால், "தாகம் எடுக்கல அத்தா" என்பாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய வேகத்தில் புத்தகப் பையோடு கழிவறைக்கு ஓடுவாள். விளையாட்டு நினைப்பில் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறாள் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். அவளுடைய அம்மா கடிந்துகொண்டார். நானும் என் பங்குக்கு, நாளையும் பாட்டில் காலியாக வராவிட்டால் நடப்பதே வேறு என்று மிரட்டினேன். மறுநாளிலிருந்து பாட்டில் காலியாக வந்தது.

சில வாரங்களில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று அழுதாள். பரிசோதித்த குழந்தை மருத்துவர் சிறுநீர்த் தொற்று என்றார். பிறகு எங்களை விட்டுவிட்டு அவளிடம் திரும்பி, பள்ளியில் பாத்ரூம் போவதுண்டா என்று மெதுவாகக் கேட்டார். தலை குனிந்தபடியே பதில் வந்தது: "அங்க கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. பசங்க தள்ளித் திறந்துட்டுச் சிரிக்கிறாங்க." பாட்டில் எப்படிக் காலியாயிற்று என்று கேட்டதற்கு, "வர்ற வழியில செடிக்கு ஊத்திடுவேன்" என்றாள்.

வீடு திரும்பும் வழியில், இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னேனே அத்தா. நீங்க போன்ல பேசிக்கிட்டு இருந்தீங்க" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவளுடைய அம்மாவும் யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது கதவைப் பற்றி அவள் ஏதோ சொன்னதாக நினைவு வருகிறது என்றார்.

மறுநாள் பள்ளிக்குச் சென்றேன். தலைமையாசிரியைக்கு அது தெரிந்திருக்கவில்லை. அன்று மாலைக்குள் தாழ்ப்பாள் பொருத்தப்பட்டுவிட்டது. ஒரு தாழ்ப்பாள், நான்கு திருகாணிகள். நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

அந்த நூறு ரூபாய்ச் செலவுக்கு என் மகள் ஏன் அத்தனை நாள் வேதனைப்பட வேண்டியிருந்தது என்ற கேள்வி இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை. பள்ளியின் கவனக்குறைவு ஒரு காரணம்தான். ஆயினும், அவள் தன் சக்திக்கு எட்டியவரை தன் கடமையைச் செய்திருந்தாள். தாயிடம் சொன்னாள், தந்தையிடம் சொன்னாள். கேட்க வேண்டிய இருவரும் கேட்கவில்லை. பள்ளிப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது சுற்றுச்சுவரையும் கண்காணிப்புக் கேமராவையும் முதலில் நினைக்கிறோம். அவை தேவையே. ஆனால் ஐந்து முதல் பத்து வயதுக்குட்பட்ட ஒரு குழந்தையின் பாதுகாப்பு, அது சொல்லும் சிறிய சொல்லை ஒரு பெரியவர் முதல்முறையிலேயே காதுகொடுத்துக் கேட்பதில் தொடங்குகிறது. இதைத்தான் இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்புகிறேன்.

கண்ணெதிரே இருந்த ஆபத்துகள்

2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் சமையற்கூடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. அந்தத் துயரத்தை நினைவுகூராத தமிழ்ப் பெற்றோர் இருக்க முடியாது. அதனை அடுத்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் பயில்வதும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று தீர்ப்பளித்தது.

2012 ஜூலையில் தாம்பரத்தை ஒட்டிய பகுதியில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து இறந்துபோனாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அவ்வழக்கை விசாரித்தது. அதே ஆண்டில் தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வகுத்தது.

2019 நவம்பர் 20 அன்று, நம் நீலகிரிக்கு அண்டையில் இருக்கும் வயநாட்டின் சுல்தான் பத்தேரியில், ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியை வகுப்பறையின் பொந்திலிருந்து வந்த பாம்பு தீண்டியது. பாம்பு கடித்துவிட்டது என்று அவளே சொன்னாள் என்றும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவில்லை என்றும், தந்தை வந்த பிறகே புறப்பட்டார்கள் என்றும் அவளுடன் படித்த பிள்ளைகள் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் நின்று கூறினார்கள். அவள் அன்றே இறந்துபோனாள்.

கீற்றுக் கூரை, பேருந்துத் தரையின் ஓட்டை, வகுப்பறையின் பொந்து ஆகிய மூன்றும் நாள்தோறும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தவை. யாரும் இரகசியமாக ஒளித்துவைத்தவை அல்ல. பெரியவர்களின் கண் பழகிவிட்டது, அவ்வளவுதான். குழந்தைகளின் கண் அப்படிப் பழகுவதில்லை. "அந்த ஓட்டைக்குள்ள என்ன இருக்கு?" என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நாம் சலித்துக்கொள்ளும் அந்தக் கேள்விகள் சில வேளைகளில் ஓர் எச்சரிக்கை. விதிகளும் தீர்ப்புகளும் ஒவ்வொரு முறையும் ஒரு மரணத்திற்குப் பிறகே வந்திருக்கின்றன. அதற்கு முன்பே கேட்கும் வாய்ப்பு பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மட்டுமே இருந்தது.

அடியும் அச்சமும்

குழந்தைகள் ஏன் வாய் திறப்பதில்லை? பெரும்பாலும் அச்சத்தினால். அந்த அச்சத்தை ஊட்டுபவர்களில் நாமும் இருக்கிறோம்.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, "கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உரித்துவிடுங்கள்" என்று ஆசிரியரிடம் சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. சொல்பவருக்கு அது மரியாதை. ஆசிரியர்மீது வைத்திருக்கும் நம்பிக்கையின் அடையாளம். பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கோ அது ஓர் அறிவிப்பு: இங்கே உனக்கு என்ன நடந்தாலும் நாங்கள் அவர் பக்கம்தான். அப்படிக் கேட்டு வளர்ந்த குழந்தை, பள்ளியில் தனக்கு நேர்ந்த ஒன்றை வீட்டில் வந்து சொல்லும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்படி மட்டுமல்ல, வகுப்பின் முன் நிறுத்தி அவமானப்படுத்துவதும் மனத்தைத் துன்புறுத்துவதே. 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மார்க்கக் கல்வியை முதன்மையாக வழங்கும் மதரஸாக்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆதலால் நம் மக்தபுகளில் பிரம்பு எடுக்கலாம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்குவதும் துன்புறுத்துவதும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி குற்றமாகும். சட்டம் இல்லாவிட்டாலும்கூட, மனிதச் சட்டத்தின் கண் எட்டாத இடத்தில்தான் நம் இறையச்சம் சோதிக்கப்படுகிறது.

இங்கே சிலர், பத்து வயதில் தொழுகைக்காகக் கண்டிப்பது குறித்த நபிமொழியைச் சுட்டிக்காட்டுவார்கள். அதே நபிமொழி ஏழு வயதில் கற்பிக்கச் சொல்கிறது. இடையில் மூன்று முழு ஆண்டுகள் பொறுமையான போதனைக்கு விடப்பட்டிருக்கின்றன என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். முகத்தில் அடிக்கக் கூடாது, காயமோ தழும்போ ஏற்படக் கூடாது என்று மார்க்க அறிஞர்கள் எத்தனை வரம்புகளை விதித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வாய்ப்பாடு தெரியாத ஏழு வயதுச் சிறுவனுக்கும் ஓதும்போது தடுமாறும் ஆறு வயதுச் சிறுமிக்கும் விழும் அடிக்கு அந்த நபிமொழியில் எந்த ஆதாரமும் இல்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், சிறு வயதினராக அங்கே சென்றவர். தாம் செய்த ஒன்றுக்காகவோ செய்யாமல் விட்ட ஒன்றுக்காகவோ தம்மை ஒரு முறைகூட நபியவர்கள் கடிந்துகொண்டதில்லை என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அதைவிடச் சிறந்த வகுப்பறை எங்கே இருக்கிறது?

1377ஆம் ஆண்டில் முகத்திமாவை எழுதி முடித்த அறிஞர் இப்னு கல்தூன், மாணவரிடம் காட்டும் கடுமையின் தீங்குக்கென்றே அந்நூலில் ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறார். கடுமையில் வளரும் பிள்ளை உற்சாகத்தை இழக்கிறது, சோம்பலுக்கு ஆளாகிறது, தண்டனைக்கு அஞ்சிப் பொய்யையும் சூதையும் கற்றுக்கொள்கிறது, காலப்போக்கில் அதுவே அதன் குணமாகிவிடுகிறது என்பது அவர் கருத்து. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த உண்மையை என் வீட்டிலேயே கண்டேன். நான் மிரட்டினேன், தண்ணீர் செடிக்குப் போயிற்று.

வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை

"தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே" என்று எல்லா வீடுகளிலும் சொல்லிக்கொடுக்கிறோம். நல்ல அறிவுரைதான். ஆனால் குழந்தைக்குத் தீங்கு செய்பவர் பல நேரங்களில் அதற்கு நன்கு தெரிந்தவராகவே இருக்கிறார் என்ற கசப்பான உண்மையை நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. நமக்கே அதை ஏற்க மனம் வருவதில்லை.

குர்ஆனில் வரும் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிறோம். பெற்றோராக ஒருமுறை அதை மீண்டும் ஓதிப் பாருங்கள். சிறுவர் ஒருவர் தாம் கண்ட கனவைத் தந்தையிடம் வந்து சொல்கிறார். யஃகூப் (அலை) அவர்கள் அதைச் சிறுபிள்ளைப் பேச்சென்று ஒதுக்கிவிடவில்லை. கேட்கிறார்கள், அன்போடு மகனே என்று விளிக்கிறார்கள், அக்கனவைச் சகோதரர்களிடம் சொல்ல வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தது அந்நியரிடமிருந்து அன்று. விளையாட அழைத்துச் சென்ற சொந்த அண்ணன்மார்களிடமிருந்து. அவர்கள் பொய்யான இரத்தம் தோய்ந்த சட்டையோடும் கண்ணீரோடும் வந்து நின்றபோதும் தந்தை ஏமாந்துவிடவில்லை. நெருங்கியவர் சொல்வதாலேயே அது உண்மையாகிவிடாது, அழுவதாலேயே ஒருவர் குற்றமற்றவராகிவிட மாட்டார் என்ற பாடம் நம் வேதத்திலேயே இருக்கிறது.

ஆகவே, ஒரு குழந்தை, "அந்த வேன் மாமா பக்கத்துல உட்கார மாட்டேன்" என்றாலோ, "இன்னிக்கு ஓதப் போகல" என்று காரணமில்லாமல் அடம்பிடித்தாலோ, உறவினர் ஒருவர் வந்தால் ஒளிந்துகொண்டாலோ, "மரியாதை தெரியாத பிள்ளை" என்று அதட்டுவதற்கு முன் ஒரு கணம் நிதானியுங்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் பெரிய ஆபத்து இருக்கும் என்று நான் கூறவில்லை. பத்தில் ஒன்பது முறை அது வெறும் சோம்பலாகவோ சிறு மனத்தாங்கலாகவோ இருக்கலாம். பத்தாவது முறை எது என்பது கேட்டால்தான் தெரியும்.

"பேசி முடித்துவிடுவோம்"

நம் சமுதாயத்தில் மனம் திறந்து பேச வேண்டிய ஒன்று இது. ஒரு குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்தது என்று தெரியவந்தால், வீட்டில் முதலில் எழும் குரல் எது? "வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்." அடுத்த குரல்: "பிள்ளையின் எதிர்காலம் கெட்டுவிடும்." மூன்றாவது குரல்: "பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிடுவோம்." செய்தவர் வேறு ஊருக்குப் போய்விடுகிறார். அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

குடும்பத் தகராறுகளைப் பேசித் தீர்ப்பதில் நம் ஜமாஅத்துகள் பெரும் சேவை செய்து வருகின்றன. அதை மதிக்கிறேன். ஆனால் இது தகராறு அன்று, குற்றம். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பள்ளியின் தாளாளர், தலைமையாசிரியர், மதரஸாவின் நாஜிர் என யாருக்கும் இதில் விலக்கு இல்லை. பேசி முடித்துவைப்பவரும் சட்டத்தின் முன் குற்றத்தை மறைத்தவரே ஆவார்.

காவல் நிலையம் என்றாலே பெற்றோர் அஞ்சுவது இயல்பு. அச்சட்டம் அந்த அச்சத்தையும் மனத்தில் கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி ஒருவர் பதிவு செய்ய வேண்டும். அவர் சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அதன் பெயரையோ முகவரியையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடுக்கவும் முடியாது.

மானம் பெரிதுதான். ஆனால் மானம் இழந்தவர் யார்? தீங்கு செய்தவரே. குழந்தை எதையும் இழக்கவில்லை. அதற்கு அநீதி இழைக்கப்பட்டிருக்கிறது. அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கும் இறைவனுக்கும் இடையில் திரை இல்லை என்று மேடைதோறும் பயான் செய்கிறோம். அந்த அநீதிக்கு ஆளானவர் எட்டு வயதுக் குழந்தை என்றால், நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சிந்திக்க வேண்டாமா?

மனத்துக்கும் பசிக்கும்

பாதுகாப்பு என்பது தீங்கு நேராமல் இருப்பது மட்டுமன்று. குழந்தை மகிழ்ச்சியோடு இருப்பதும்தான். 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. பசித்த வயிற்றோடு எழுத்துக் கூட்ட முடியாது என்ற எளிய உண்மையே அதன் அடிப்படை. வயிற்றுக்குப் பொருந்தும் இவ்வுண்மை மனத்துக்கும் பொருந்தும்.

நம் வீட்டுக் குழந்தை ஒன்றின் நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். சுப்ஹுக்குப் பிறகு மக்தப், அங்கிருந்து அரக்கப்பரக்கப் பள்ளி, மாலையில் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம். மக்தபும் வேண்டும், பள்ளியும் வேண்டும். எதையும் விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு டியூஷன் எதற்கு? அந்த ஒரு மணி நேரத்தைத் தெருவில் ஓடி விளையாடவும், போதுமான நேரம் உறங்கவும், உங்கள் மடியில் படுத்துக்கொண்டு பேசவும் கொடுத்தால் மதிப்பெண் குறைந்துவிடாது. குழந்தைகள் மனத்தில் இருப்பதைச் சொல்வது பெரும்பாலும் இப்படி வேலை ஏதுமற்ற நேரத்தில்தான். நேரமே இல்லாத வீட்டில் அவர்கள் எப்போது சொல்வார்கள்?

மற்றொன்றும் உண்டு. பெயரை வைத்தோ, தொப்பியை வைத்தோ, டிபன் பாக்ஸில் இருக்கும் உணவை வைத்தோ நம் பிள்ளைகள் பள்ளியில் கேலிக்கு ஆளாவதுண்டு. "கண்டுகொள்ளாதே" என்று சொல்லி அனுப்புவது போதாது. வகுப்பாசிரியரைச் சந்தித்து, சினம் கொள்ளாமல், நடந்ததை எடுத்துச் சொல்ல வேண்டும். அதே வேளையில், நிறத்தையும் ஊனத்தையும் வறுமையையும் சாதியையும் வைத்து நம் பிள்ளை வேறொரு குழந்தையைக் கேலி செய்திருந்தால், அதைக் கேட்கும் நேர்மையும் நமக்கு வேண்டும். பிறர் பிள்ளையின் கண்ணீரும் நம் பொறுப்பே.

அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் ஒரு சிட்டுக்குருவியை வளர்த்துவந்தார். அது இறந்துபோனது. சோகமாக இருந்த அச்சிறுவரிடம் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றி வாஞ்சையோடு விசாரித்தார்கள். ஒரு சமுதாயத்தையே தோளில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு ஒரு குழந்தையின் குருவியைப் பற்றிக் கேட்க நேரம் இருந்தது. நமக்கு நேரம் இல்லை என்று சொல்ல நாணமாக இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

இனி, நாளை காலையிலிருந்தே தொடங்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவதாக, கேள்வியை மாற்றுங்கள். பள்ளியிலிருந்து வந்தவுடன் "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்று யாருடன் விளையாடினாய்? எது பிடிக்கவில்லை? யாராவது அழுதார்களா?" என்று கேளுங்கள். கேட்கும்போது கைப்பேசியைக் கீழே வைத்துவிடுங்கள்.

இரண்டாவதாக, நான்கு வயதிலிருந்தே உடலைப் பற்றிக் கூச்சமின்றிச் சொல்லிக்கொடுங்கள். குளிப்பாட்டும்போதும் சுத்தம் செய்யும்போதும் மறைக்க வேண்டிய உறுப்புகள் எவை என்று ஏற்கனவே நாம் கற்பிக்கிறோம். அதனுடன், "அம்மாவோ டாக்டரோ சுத்தத்துக்கும் சிகிச்சைக்கும் தவிர வேறு யாரும் இங்கே தொடக் கூடாது, தொட்டால் சத்தம் போடு, ஓடி வா, என்னிடம் சொல், 'யாரிடமும் சொல்லாதே' என்று எவர் சொன்னாலும் அதை உடனே என்னிடம் சொல்" என்பதையும் சேர்த்துக்கொண்டால் போதும். வெட்கம் ஈமானின் ஒரு கிளை. அந்த வெட்கம் குழந்தையைக் காக்க வேண்டும். குழந்தையின் வாயைக் கட்டக் கூடாது.

மூன்றாவதாக, பள்ளியைச் சுற்றிப் பாருங்கள். கழிவறையில் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கின்றனவா, குடிநீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, கிணறும் மின்பெட்டியும் மூடப்பட்டிருக்கின்றனவா, மாடிப்படிக்குக் கைப்பிடி உண்டா என்று பாருங்கள். பிள்ளை செல்லும் வேனில் அல்லது ஆட்டோவில் எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்று ஒரு நாள் நின்று எண்ணிப் பாருங்கள். ஓட்டுநருக்கு அருகில் பிதுங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளை உங்களுடையதாகவும் இருக்கலாம்.

நான்காவதாக, பள்ளி மேலாண்மைக் குழுவில் பங்கேற்பீர்களாக. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் நம் வீட்டுத் தாய்மார்களுக்குச் சட்டமே இட்டுவைத்திருக்கும் நாற்காலி அது. அதைக் காலியாக விட்டுவிட்டு, வாசலில் நின்று குறை பேசுவதில் பயனில்லை.

ஐந்தாவதாக, ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மக்தபின் வகுப்புகள் திறந்த கூடத்தில், பலர் கண்ணில் படும்படி நடக்கட்டும். உஸ்தாதும் ஒரு குழந்தையும் மட்டும் தனித்திருக்கும் நிலை வேண்டாம். இது உஸ்தாதுகள் மீதான சந்தேகம் அன்று. அவர்களுடைய கண்ணியத்துக்கும் இதுவே காவல். பிரம்பை அகற்றுங்கள். அவர்களுக்கு நியாயமான ஊதியமும் கற்பித்தல் பயிற்சியும் கொடுங்கள். சொற்பச் சம்பளத்தில் ஐம்பது பிள்ளைகளை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவரிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நீதியாகாது.

ஆறாவதாக, இரண்டு எண்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்துவிடுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். 14417 தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்.

இறுதியாக, ஒரு குழந்தை மனம் திறந்து தீங்கொன்றைச் சொல்லிவிட்டால், கூச்சலிடாதீர்கள். "ஏன் அங்கே போனாய்?" என்று கேட்காதீர்கள். திரும்பத் திரும்பத் துருவாதீர்கள். "என்னிடம் சொன்னது நல்லது, உன்மீது தவறு இல்லை" என்று முதலில் சொல்லுங்கள். அது சொன்ன சொற்களை அப்படியே குறித்துவைத்துக்கொண்டு, உதவி எண்ணையோ காவல்துறையையோ அழையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் எவ்வளவு பெரியவராயினும், குழந்தையை அவர் முன் நிறுத்தி "இப்போது சொல்" என்று விசாரிக்க எவரையும் அனுமதிக்காதீர்கள்.

பிள்ளைகள் நம் சொத்து அல்லர். இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்பதை நாம் நம்புகிறோம். நாளை மறுமையில் என் மகளைப் பற்றி நான் கேட்கப்படும்போது, அவள் வாங்கிய மதிப்பெண்கள் எனக்குச் சாட்சியாக வருமா என்று தெரியவில்லை. "சொன்னேனே அத்தா" என்ற அவளுடைய அந்த ஒரு சொல் எனக்கு எதிராக வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

இப்போதெல்லாம் மாலையில் அவள் வந்ததும் பாட்டிலை வாங்கி ஒருமுறை தூக்கிப் பார்க்கிறேன். அது காலியாக இருந்தாலும், "செடிக்கா, உனக்கா?" என்று கேட்கிறேன். அவள் சிரித்துவிட்டு, அன்றைய கதையைச் சொல்லத் தொடங்குகிறாள். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவரையும், ஊரார் பிள்ளைகள் அனைவரையும் எல்லாத் தீங்குகளிலிருந்தும் காத்தருள்வானாக. அவர்கள் சொல்வதைக் கேட்கும் செவியையும், கேட்டதற்கேற்பச் செயல்படும் துணிவையும் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.